பெருக்கினால் போதுமா?

("கல்லூரி மாணவர்க்கு இன்று பெரிதும் தேவை, இணையத்தில் பாடங்களைப் பெருக்குவதே! பேணுவதே!" என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில் 'பேணுவதே' அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால பேசிட்டுப் போனாரே எதிரணித் தம்பி, கணினித் துறைப் பேராசிரியர், என்ன வேகம்! என்ன வேகம்! "ஆயிரம் காணொளி ஏத்துவோம், பத்தாயிரம் பி.டி.எஃப். ஏத்துவோம், பெருக்குவோம், பெருக்கிக்கொண்டே இருப்போம்" என்று முழங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். தம்பி, தமிழாசிரியைக்கு ஒரு சின்ன சந்தேகம். தமிழில் பெருக்குவது என்ற சொல்லுக்கு ரெண்டு பொருள் உண்டு. எங்க வீட்டில் காலையில் எழுந்ததும் நாங்களும் பெருக்குவோம். குப்பையை வெளியே தள்ளுறதுக்குப் பேரு பெருக்குறது. நீங்க உள்ளே கொண்டாந்து கொட்டுறதுக்கும் அதே பேரை வச்சிருக்கீங்களே, இது நியாயமா? (சிரிப்பு, கைதட்டல்)

தமிழ்ப் பேராசிரியை பேச வந்தா இணையத்தைத் திட்டுவாங்கன்னு யாரும் நினைச்சுடாதீங்க. இணையத்தால் மிக அதிகமாகப் பயன் பெற்ற துறை எதுவென்று கேட்டால் எங்கள் துறையைத்தான் சொல்வேன். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகம் முழுக்க இருந்த தமிழ் அன்பர்கள், ஒரு காசு வாங்காமல், இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைக்கு அதுதான் தமிழ் இணையக் கல்விக்கழகம். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் ஒரு உரை நூலைப் பார்க்க ரயில் ஏறிப் போகணும். இன்றைக்கு என் மாணவி பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் அதைப் படிக்கிறாள். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

ஆக, இணையம் வேணுமா வேண்டாமா என்பது இன்றைய வழக்கு இல்லை. வந்தாச்சு. வந்த பொருளை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் வழக்கு.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். அதுவரைக்கும் கணினியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்ற பேராசிரியர்கள்கூட ஒரே மாதத்தில் பாடம் எடுக்கவும், பதிவு செய்யவும், ஏற்றவும் கற்றுக்கொண்டார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் என்ன ஆச்சு? கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டோம். ஒரு பாடம் வாட்ஸ்அப் குழுவில். ஒரு பாடம் மின்னஞ்சலில். ஒரு பாடம் கூகுள் கிளாஸ்ரூமில். ஒரு பாடம் அவரவர் சொந்த யூடியூப் பக்கத்தில், நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரத்தோடு.

கோப்புக்குப் பேர் வைக்கிற அழகைப் பார்க்கணுமே! 'நோட்ஸ்.' அதுக்கு அடுத்தது 'நோட்ஸ் நியூ.' அப்புறம் 'நோட்ஸ் ஃபைனல்.' அப்புறம் 'ஃபைனல் ஃபைனல்.' கடைசியா 'இதுதான் ஃபைனல்.' பிள்ளைக்குப் பேர் வைக்க ஜாதகம் பார்த்து எழுத்துப் பார்த்து மூணு மாசம் யோசிக்கிறோம். மூணு தலைமுறை மாணவன் படிக்க வேண்டிய பாடத்துக்கு 'நியூ'ன்னு பேர் வைக்கிறோம். போன வருஷத்து 'நியூ' இந்த வருஷம் என்ன ஆகும் ஐயா? (கைதட்டல்)

தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாணவி கூப்பிட்டாள். "அம்மா, மூணாவது அலகுக்கு நாலு கோப்பு இருக்குதும்மா. எதைப் படிக்கிறது?" அந்தப் பொண்ணு படிக்காதவ இல்லை. படிக்கத்தான் உட்கார்ந்திருக்கா. ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தவ பத்து மணி வரைக்கும் தேடியிருக்கா. அந்த ரெண்டு மணி நேரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது யார்? இல்லாத பாடம் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு இருந்ததுதான் எடுத்துக்கொண்டது. இன்னொருத்தன் வாட்ஸ்அப்பில் வந்ததைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிட்டான். மாதக்கணக்கில் கழித்துத் தொட்டால் திறக்கவில்லை. அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லு என்கிறது. அனுப்பிய ஆசிரியர் கைபேசி மாற்றி ஆறு மாதம் ஆகிறது.

தாய்மார்களே, உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் என்ன பெரிய தொழில்நுட்பம் இருக்கிறது? ஏழு கிண்ணம், ஒரு கரண்டி. ஆனால் எண்ணெய் காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கை போனாலும் கடுகில்தான் போய் நிற்கும். அங்கே இருப்பது ஒரு கைப்பிடிக் கடுகுதான். மளிகைக் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. தாளிக்கிற நேரத்துக்கு மூட்டையா உதவும்? எதிரணியினர் மூட்டை வாங்கி இறக்குகிறார்கள் ஐயா. மிளகும், பருப்பும், போன வருஷத்துப் புழு வச்ச மாவும் எல்லாம் ஒரே சாக்கில்.

எதிரணித் தலைவி அம்மையார் பெருமையாகச் சொன்னார்கள், "என்.பி.டி.இ.எல். பாருங்கள், எம்.ஐ.டி. பாருங்கள், பெருக்கியதால் அல்லவா உலகப் புகழ்?" என்று. அம்மா, நல்ல சாட்சியாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். ஆனால் அவர்கள் என் பக்கத்துச் சாட்சிகள்.

2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தை நடத்தத் தொடங்கின. நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கு அதில் பெரிய பங்கு. போய்ப் பாருங்கள். ஒரு பாடம் என்றால் நாலு வாரமா, எட்டு வாரமா, பன்னிரண்டு வாரமா என்று முதலிலேயே எழுதியிருக்கும். முதல் வாரம் எந்தெந்த விரிவுரை, அதற்கு எந்தப் பயிற்சி, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், தேர்வு என்றைக்கு, எல்லாம் வரிசையாக இருக்கும். கிராமத்துப் பையன் ஒருத்தன் யாரையும் கேட்காமல் அதில் நுழைந்து படித்துச் சான்றிதழ் வாங்குகிறான் என்றால், அங்கே நிறைய இருப்பதால் அல்ல. அடுத்தது எது என்று அவனுக்குத் தெரிவதால்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001-இல், எங்கள் பாடங்களை எல்லாம் இலவசமாக இணையத்தில் வைக்கப் போகிறோம் என்று அறிவித்தது. உலகமே வியந்தது. அடுத்த வருஷம் எத்தனை பாடத்தோடு ஆரம்பித்தார்கள் தெரியுமா? 50. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொட்டவில்லை. அது எந்தப் பருவத்தில் நடத்திய பாடம், யார் நடத்தியது, பாடத்திட்டம் எது, குறிப்பு எது, வினாத்தாள் எது என்று பிரித்து வைத்தார்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் தூக்கி எறிவதும் இல்லை, புதியதோடு கலந்து வைப்பதும் இல்லை. தனியாகக் காப்பகத்தில் கொண்டு போய் வைக்கிறார்கள். கொலுப் பொம்மையை இறக்கித் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கிற பாட்டியின் புத்தி அது.

கல்லூரிப் பாடங்களை இணையத்தில் வைத்து நடத்துவதற்கென்றே மூடுல் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். நம் ஊரிலும் எத்தனையோ கல்லூரிகளில் இருக்கிறது. பேரைக் கேட்டு எங்க ஆளுங்க பயந்துட்டாங்க, மூடுவதா திறப்பதா என்று. (சிரிப்பு) அதைச் செய்தவர் மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியாக்காரர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. சிற்றலை வானொலியில் ஆசிரியர் பேச, இந்தப் பக்கம் பிள்ளை கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். அப்படி வளர்ந்தவர், தொலைவில் இருக்கிற மாணவனுக்கு என்ன தேவை என்று யோசித்து, 2002-இல் மூடுலின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதைத் திறந்ததும் முதலில் என்ன கேட்கும்? "உன் பாடத்தை வாரவாரமாகப் பிரிக்கப் போகிறாயா, தலைப்புத் தலைப்பாகப் பிரிக்கப் போகிறாயா?" பொருளைப் போடுவதற்கு முன்னாலேயே கிண்ணத்தை எடுத்து வைக்கிறது! எந்தத் தேதியில் எந்தப் பாடம் மாணவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எது மறைந்திருக்க வேண்டும், அதுவும் நம் கையில். வருஷக் கடைசியில் போன வருஷத்து மாணவர் விடைகளை எல்லாம் துடைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் புதுப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ள ஒரு வழி. மொத்தப் பாடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பத்திரமாக எடுத்து வைக்க ஒரு வழி. இத்தனையும் இருக்கிறது. நாம் அதை என்ன செய்கிறோம்? முதல் வாரத்துக் கிண்ணத்திலேயே அறுபது கோப்பையும் கவிழ்த்துவிட்டு, "மூடுலில் ஏற்றியாச்சு" என்று தணிக்கைக் குழுவிடம் கணக்குக் காட்டுகிறோம். அவர்களும் எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். திறந்து பார்த்தால் அல்லவா தெரியும்!

சரி, குழப்பம்தானே, தேடினால் கிடைத்துவிடும் என்பீர்கள். கிடைக்கும். திறக்குமா?

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அசையும் படத்தோடு பாடம் என்றால் ஃபிளாஷ்தான். இதயம் துடிக்கும், இயந்திரம் சுற்றும், அழகழகாகச் செய்து வைத்திருந்தார்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஓடவிடாமலே தடுத்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்பே, 2017-லேயே சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். சொன்னபோது கேட்டு மாற்றி எழுதியவர்களின் பாடம் பிழைத்தது. யாரும் கவனிக்காத பாடங்களில் பெரும்பாலானவை இன்றைக்கு வெறும் வெள்ளைக் கட்டம்.

தமிழ்த் துறைக்கு இதைவிடப் பெரிய சோகம் உண்டு. நாங்கள் எல்லாம் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினி என்பார் ஒருவர், வேறொன்றைச் சொல்வார் இன்னொருவர். ஒரு கணினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும், பூச்சி ஊர்ந்த மாதிரி. 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது, விசைப்பலகையை ஒழுங்கு செய்தார்கள். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்றைக்குக் கைபேசியில் தமிழ் ஓடுகிறதே, அது ஒருங்குறி. ஆனால் அதற்கு முன்னால் அடித்த குறிப்புகள்? இருபது வருஷம் பாடம் நடத்திய அறிவு முழுக்கப் பழைய எழுத்துருவில் கிடக்கிறது. எழுத்துரு மாற்றி என்று இலவசமாகவே மென்பொருள் இருக்கிறது, போட்டால் மாற்றிக் கொடுக்கும். ஆனால் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு இடம் மாறும், கால் ஒன்று தொலையும். ஒருத்தர் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்புநோக்க வேண்டும்.

ஒப்புநோக்குவது நமக்குப் புதுசா ஐயா? உ.வே. சாமிநாத ஐயர் என்ன செய்தார்? 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, ஏடு ஊரெல்லாம் இருந்தது. இருந்தது என்பதற்காக அது நூலாகிவிடவில்லை. பல ஏடுகளை வைத்துப் பாடபேதம் பார்த்து, பிழை நீக்கி, உரை எது மூலம் எது என்று பிரித்து, முகவுரையும் அகராதியும் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் நம் கைக்கு வந்தது. பனையோலை சில நூறு வருஷம்தான் தாங்கும். அது சிதைவதற்குள் யாரோ ஒருவர் அதைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுதினார். அவர் எழுதிய ஏடு சிதைவதற்குள் இன்னொருவர். பேர் தெரியாத அந்த ஆட்களால் சங்க இலக்கியம் நமக்கு இருக்கிறது. யாரும் பார்த்து எழுதாத ஏடு என்ன ஆனது? நம்ம ஊரில் இன்னொரு பெருக்கும் உண்டு, ஆடிப்பெருக்கு. பழைய ஏடுகளை அன்றைக்கு ஆற்றில் விடுகிற வழக்கம் இருந்ததை ஐயரவர்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தம்பி, பெருக்கு என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்தான். (கைதட்டல்)

இப்போது நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

தமிழ்நாட்டில் கலைக் கல்லூரிகளின் தமிழ்த் துறையில், பார்வையற்ற மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். முன்பெல்லாம் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், ஒலிநாடாவில் பதிந்து கொடுக்க வேண்டும். வாசிக்க ஆள் கிடைக்காத நாளில் அவர்களுக்குப் பாடம் கிடையாது. இன்றைக்கு நிலைமை வேறு. 2006-இல் ஆஸ்திரேலியாவில், தாங்களே பார்வையற்றவர்களான இரண்டு இளைஞர்கள் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருளைத் தொடங்கினார்கள். இலவசமாகவே கொடுக்கிறார்கள். திரையில் இருக்கிற எழுத்தை அது வாசித்துச் சொல்லும். தமிழும் வாசிக்கும். கைபேசியிலும் அப்படி வசதி வந்துவிட்டது. ஆக, சரியாகத் தட்டச்சு செய்த பாடம் ஒன்று இணையத்தில் இருந்தால், என் மாணவன் யாரையும் எதிர்பார்க்காமல் ராத்திரி இரண்டு மணிக்குக்கூடத் தானே படிக்கலாம். இப்படி ஒரு சுதந்திரத்தை அவனுக்கு எந்தக் காலமும் கொடுத்ததில்லை. இணையத்தை நான் கும்பிடுவது இதற்காகத்தான்.

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன். நல்ல ஞாபகசக்தி, நல்ல குரல். ஒருநாள் கேட்டான். "அம்மா, மொத்தம் நாற்பத்தொரு கோப்பு வந்திருக்குதும்மா. என் போன் அதில ஆறைத்தான் வாசிக்குது." என்ன காரணம் என்று உட்கார்ந்து பார்த்தோம். சில கோப்புகள் பழைய எழுத்துரு. அவன் போன் அதை வாசிக்கும், ஆனால் ஆங்கில எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசிக்கும். குறுந்தொகைப் பாடத்தைத் திறந்தால் காதில் வருவது ஏதோ மந்திரவாதி உளறுகிற மாதிரி. மற்றதெல்லாம் புத்தகப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கியது. கண் இருக்கிற நமக்கு அது எழுத்து. அவன் போனுக்கு அது வெறும் படம். சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடும்.

நாற்பத்தொன்றில் ஆறு, நடுவர் அவர்களே. பெருக்குவதே என்று பேசுகிற என் நண்பர்கள் நாற்பத்தொன்றை நூறாக்குவார்கள். அவனுக்கு அது ஆறாகவே இருக்கும். அந்த முப்பத்தைந்தையும் எடுத்து, எழுத்தாக மாற்றி, பிழை பார்த்து, ஏறுவரிசையில் தலைப்புக் கொடுத்தால் அவன் மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற வசதி இன்றைக்கு நன்றாகவே வந்திருக்கிறது. தமிழுக்கும் இருக்கிறது. அங்கேயும் ழகரம் ஒன்று புரளும், ஒரு புள்ளி போகும். ஒரு மனிதர் பார்க்க வேண்டும். ஒரு கோப்புக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்.

கண் இருக்கிற பிள்ளைக்கும் அந்தப் படம் நல்லதில்லை. ஒரு பக்கத்தைப் படமாக எடுத்தால் ஒரு எம்.பி. வரைக்கும் பிடிக்கும். எம்.பி. என்றால் நாடாளுமன்ற உறுப்பினர் இல்லீங்க, மெகாபைட். (சிரிப்பு) அதே பக்கத்தைத் தட்டச்சு செய்தால் அதில் நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் தமிழக அரசு 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணைய வசதியை இலவசமாகக் கொடுத்தது. மக்கள் பணம். அதை வைத்துக்கொண்டு ஒரே கோப்பை மூன்று இடத்திலிருந்து மூன்று தடவை இறக்கிப் பார்த்து, கடைசியில் அது போன வருஷத்துப் பாடத்திட்டம் என்று கண்டுபிடித்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

இடம் நிறைய இருக்கிறது, போட்டு வைத்தால் என்ன என்று ஒரு வாதம் வந்தது. அந்தக் காலம் போயிற்று. கூகுள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2021-இல் அறிவித்துவிட்டு, 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு எல்லாரும் சேர்த்து 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. அது சின்ன அளவு இல்லைதான். ஆனால் மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு அளவு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், இலக்கணத்தில் அவர் மாதிரி நடத்த ஆள் கிடையாது. நாலு வருஷம் உழைத்து நன்னூலுக்கு முழுசாகக் காணொளிப் பாடம் செய்தார். எல்லாம் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில். அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அவர் கணக்கை அலுவலகம் மூடியது. கணக்கோடு பாடமும் போயிற்று. சால்வை மட்டும் வீட்டில் இருக்கிறது. அவர் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் போறப்ப சாவியை யாரு கையில குடுக்கிறதுன்னு யாரும் சொல்லலை" என்றார். பெருக்கினவர் அவர். அதைப் பேணுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

யார் வேலை? அதைச் சொல்லித் தருவதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம், சீர்காழிக்குப் போனால் போதும். 1892-இல் அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று போன சில நாளிலேயே கேட்டதாகச் சொல்வார்கள். லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வேலையை விடவில்லை. 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். உலகம் முழுக்க இன்றைக்கும் படிக்கிறார்கள். அதில் நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. ராத்திரி எட்டிலிருந்து பத்து வரைக்கும் தேடினாளே அந்தப் பெண், அவளுக்காகக் கணினி வருவதற்கு முன்னாலேயே ஒரு சீர்காழிக்காரர் கவலைப்பட்டிருக்கிறார்!

அவர் வழியில் வந்தவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். நூலகர் இருக்கிறார். ஒரு புத்தகம் வந்தால் எண் போடாமல், அட்டவணையில் ஏற்றாமல் அலமாரிக்கு அனுப்ப மாட்டார். இணையப் பாடம் என்று வந்ததும் அவரை ஏன் ஒதுக்கிவிட்டீர்கள்? அவரைக் கூப்பிட்டு, "ஐயா, இந்தத் துறையில் இவ்வளவு பாடம் இருக்கிறது, எப்படி வைப்பது?" என்று ஒரு தடவை யாராவது கேட்டோமா?

கடைசியாக எதிரணி ஒரு பிரம்மாஸ்திரம் விட்டது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, குவியலாகக் கிடந்தால் என்ன, கேட்டால் அதுவே தேடி எடுத்துக் கொடுக்கும் என்று. கொடுக்கும் தம்பி, கொடுக்கும். எதைக் கொடுக்கும்? தேதி எழுதாத கோப்பு, பாடத்திட்டம் எந்த வருஷத்தது என்று எழுதாத கோப்பு, யார் எழுதியது என்று இல்லாத கோப்பு. பழையதையும் புதியதையும் தவறையும் திருத்தத்தையும் சேர்த்துக் குழைத்து, சந்தேகமே இல்லாத குரலில் பதில் சொல்லும். புளித்த மாவையும் புது மாவையும் கலந்தால் மிக்ஸி என்ன செய்யும் பாவம், நன்றாகத்தான் அரைக்கும்! (சிரிப்பு) ஒழுங்காகப் பேர் வைத்து, தேதி போட்டு, பழையதைத் தனியே எடுத்து வைத்திருந்தால் அந்த நுண்ணறிவும் ஒழுங்காகப் பேசும். அதற்குத் தீனி போடுவதற்கும் பேணுகிற ஆள்தான் வேண்டும்.

ஐயா பெல்லில் கை வைத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று.

எங்கள் துறையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். ஒரு ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் புதுசாக எதையும் ஏற்றக் கூடாது. இருப்பதைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காததைச் சரி செய்ய வேண்டும். படத்தை எழுத்தாக்க வேண்டும். பேரும் வருஷமும் எழுத வேண்டும். பழையதைக் காப்பகத்தில் போட வேண்டும். பருவம் முடிகிறபோது மொத்தத்தையும் ஒரு படி எடுத்து நூலகர் கையில் கொடுக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைப் பாடவேளையாகவே கணக்கில் எடுத்து, கால அட்டவணையில் அச்சடித்துக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். அந்த மாணவன் வாசிக்காத முப்பத்தைந்து கோப்பின் பட்டியலையும் பின்னால் இணைத்திருக்கிறோம். நிர்வாகத்தில் 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? பாதி கோப்பை மாணவர்களே ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு தட்டச்சு செய்துவிட்டார்கள். அவன் காதால் கேட்டுப் பிழை சொல்கிறான். எழுத்துப் பிழையைக் கண்ணால் பார்க்கிற எங்களைவிடக் காதால் கேட்கிற அவன் சீக்கிரம் பிடிக்கிறான்.